டோக்ரி தெரிந்தவரின் கையெழுத்து

சப்டைட்டில் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கற்றுத்தர ஒன்றுமில்லை. ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, அது எத்தனை விநாடி திரையில் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. கண் கெட்டு, ஐம்பத்தைந்து வயதிலேயே நாற்காலியை விட்டு எழும்பிய ஒருவனிடம் நீங்கள் கேட்கவேண்டியது வேறு. எப்போதெல்லாம் பயந்தாய், பயத்தில் என்ன கூத்தெல்லாம் ஆடினாய் என்று கேளுங்கள். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

வேலையில் நடக்கும் சாதாரணப் பிழைகளுக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஒருமுறை என் வரிகள் பத்து விநாடி பிந்தி ஓடி, கதாநாயகன் செத்த பிறகும் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தான். மண்டபத்தில் ஒருவர்கூட முறைப்பாடு சொல்லவில்லை. நம்முடைய படங்களில் அப்படியும் நடக்கும் என்று சனம் நினைத்திருக்கும். பயப்படவேண்டிய பிழை வாயில்தான் தொடங்கும். என்னுடையது ஒரு தொலைபேசி அழைப்பில், ஒரேயொரு ‘வுய்’யில், அதாவது பிரெஞ்சு ‘ஓம்’மில், தொடங்கியது.

2009-இல் யுத்தம் முடிந்ததற்குப் பிறகான பாரிஸ் லாச்சப்பல், எங்கள் சனத்தின் கடைத்தெரு, உங்களில் சிலருக்குச் சின்ன வயது ஞாபகமாக இருக்கலாம். ஆளை ஆள் நம்பாத காலம். தேநீர்க்கடையில் முகம் தெரியாத ஒருவர் வந்து அமர்ந்தால், பழைய ஆட்கள் கதையை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அந்தக் காற்றைத்தான் நானும் மூச்சில் இழுத்தேன். தபால்காரர் இரண்டு முறை மணி அடித்தால் ஏன் இரண்டு முறை என்று யோசிக்கும் ஆள் நான். எங்கள் வேலை பக்கத்து மார்க்ஸ் டோர்மோய் தெருவில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த வாடகை அறையில் நடந்தது. அங்கே இரண்டே பேர்: நானும் மதலேன் அக்காவும். மதலேன் அக்கா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தமிழ்ப் படங்களின் வசனத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவருவேன். அவர் என் பிரெஞ்சை மனிதர் வாசிக்கக்கூடிய பிரெஞ்சாக மாற்றுவார்.

அழைத்தவர் மதாம் எலென். சின்ன மொழிகளில் எடுக்கப்படும் படங்களுக்கென்று ஒரு சின்னப் பட விழா நடத்திக்கொண்டிருந்தவர், முந்தைய வருடமும் ஓர் இந்தியப் படத்தை என்னிடம் பார்க்கத் தந்தவர். “டோக்ரி மொழியில் ஒரு படம் வருகிறது. நீங்கள் இந்தியப் படங்கள் செய்கிறவர்தானே. அந்த மொழி உங்களுக்குத் தெரியுமல்லவா?” என்று கேட்டார்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். இந்தியாவையே விமான நிலையத்தின் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இல்லையென்று சொன்னால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். ‘வுய்’ என்றேன். தொலைபேசியை வைத்ததும் மதலேன் அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“டோக்ரி எங்கப்பா பேசுறாங்க?”

“ஜம்மு பக்கமாம் அக்கா.”

“ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“இப்ப ரெண்டு நிமிசமா.”

வேலை உண்மையில் இலகுவானது. இயக்குநர் வசனம் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதிலிருந்து பிரெஞ்சு செய்தால் போதும். சிக்கல் கூடவே வந்த ஒரு தாளில் இருந்தது. இந்தப் படம் டோக்ரியிலேயே எடுக்கப்பட்டது, நடிகர்கள் பேசுவது டோக்ரிதான் என்பதை அந்த மொழி தெரிந்த ஒருவர் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும். அப்போதுதான் படம் போட்டியில் நிற்கும். சில வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் வேறு மொழிப் படத்துக்குக் குரல் மாற்றி அனுப்பிவிட்டாராம். அதனால் வந்த விதி. டோக்ரி தெரிந்தவர் என்ற இடத்தில் மதாம் எலென் என் பெயரைத் தட்டச்சு செய்தே அனுப்பியிருந்தார்.

ஒரு கிழமை கழித்து இயக்குநர் ஜம்முவிலிருந்து நேரடியாக வந்து இறங்கினார். ரகுபீர் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். ஒழுங்காகக் கத்தரித்த மீசை, கழுத்து வரை பூட்டிய கம்பளிச் சட்டை. கையில் ஒரு கிலோ ராஜ்மா பயறு. “எங்கள் மலைப்பக்கத்து ராஜ்மா. சமைத்துப் பாருங்கள்,” என்று தந்தார். லஞ்சம் என்று உடனே முடிவு கட்டினேன். வேறு எதற்கு ஒருவர் விமானத்தில் பயறு சுமந்து வருவார்?

ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். தன் மொழியின் சினிமாவைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது, வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும் தமிழ் சினிமாவின் மேல் எனக்கே கொஞ்சம் வெட்கம் வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் டோக்ரியில் ஒரு படம் வந்ததாம். அதன்பிறகு அவர் பிறந்து, வளர்ந்து, தலை நரைக்கத் தொடங்கும் வரைக்கும் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. கையடக்கமான டிஜிட்டல் கேமரா வந்த பிறகுதான் ஆளாளுக்குத் துணிந்தார்கள். ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் நாடகக்காரர். ஆனால் எடுத்ததைத் திரையிட மண்டபம் இல்லை. ஹிந்திப் படம் ஓடும் தியேட்டரில் டோக்ரிக்கு யார் வருவார்கள் என்று முதலாளிகள் சிரித்திருக்கிறார்கள்.

“ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார்,” என்றார் ரகுபீர். “பாரிஸில் போட்டியில் காட்டினால், அவருடைய தியேட்டரில் ஒரு வாரம் தருவதாக. இங்கே நடக்காவிட்டால் அங்கேயும் இல்லை. என் ஊர் ஆட்கள் இந்தப் படத்தைப் பார்க்கவே போவதில்லை.”

அப்படிச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கும்போது, திரும்பிப் பார்த்து என்னிடம் டோக்ரியில் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். படத்தில் வரும் வசனமாக இருக்கவேண்டும் என்று ஊகித்து, தலையை மெல்ல ஆட்டி, “ஆழமான வரி,” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து படத்தைப் பார்த்தோம். மலையூருக்கு ஆசிரியையாகப் போகும் ஒரு பெண்ணின் கதை. படம் நன்றாகவே இருந்தது. நடத்தைதான் சரியில்லை, இயக்குநரின் நடத்தை. முகம் பெரிதாகத் திரையில் வரும் இடமெல்லாம் அவருக்குத் தேநீர் வேண்டும். நான் கெற்றிலைப் பார்க்க எழும்பித் திரும்பினால் காட்சி முடிந்திருக்கும். பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார்.

“எழுத்துகளைக் கொஞ்சம் மேலே போடலாமா?”

“எவ்வளவு மேலே?”

“இதோ, இந்த இடத்தில்.” விரலை வைத்துக் காட்டினார். விரல் சரியாக நாயகியின் வாயின் மேல் இருந்தது.

“முகத்திலயா போடணும்?” என்றார் மதலேன் அக்கா தமிழில். “மூக்குக்கு மேல ஒரு வரி, கீழ ஒரு வரின்னு போட்டுடலாமா, கேளு.”

தங்கள் ஊர் மண்டபங்களில் முன்வரிசைத் தலைகள் கீழே உள்ள எழுத்தை மறைத்துவிடும் என்று ரகுபீர் ஒரு காரணம் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டதுபோல் தலையாட்டினேன். அவர் போனதும் கதவைப் பூட்டிவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் வாயை மட்டும் பார்த்தேன். பிறகு சத்தத்தோடு பார்த்தேன். மொழிமாற்றுப் படங்களைப் பார்த்துப் பழகிய தமிழ்ச் சனத்தை இந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது. வாய் மூடிய பிறகும் சொல் வந்துகொண்டிருந்தது. நாயகிக்கு மட்டுமல்ல, இளம் நடிகர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில் இசை ஓரிடத்தில் பட்டென்று தாவியது. ஏதோ வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

அரை மணி நேரத்தில் என் தலைக்குள் ஒரு முழுக் குற்றப்படம் ஓடி முடிந்தது. யாரோ எடுத்த ஹிந்திப் படத்தைத் திருடி, டோக்ரிக் குரல் ஒட்டி, பாரிஸுக்குக் கொண்டுவந்திருக்கிறான். விசாவுக்காக வந்தவன். விழா முடிந்ததும் காணாமல் போவான். பொலிஸ் வரும். கையெழுத்துப் போட்டவன் எங்கே என்று கேட்கும். என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பிரெஃபெக்சர் அலுவலகத்தில் கிடந்தது. அந்தக் கோப்பின் மேல் ‘டோக்ரி’ என்று சிவப்பு மையில் எழுதுவதுவரை எனக்குத் தெரிந்தது. ராஜ்மாவை எங்கள் அறை அலுமாரியில், கீழ்க்கடைக்காரர் வைத்திருந்த அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சாட்சிப் பொருள் என்று நினைத்தேனோ, சாப்பிடலாம் என்று நினைத்தேனோ, இன்றுவரை தெளிவில்லை.

அடுத்த நாள் காலை லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவுக்குப் போனேன். அங்கே இக்பால் என்று ஒரு பாகிஸ்தான் பஞ்சாபிக்காரர் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தார். எங்கள் சனத்தோடு பழகிப் பழகி யாழ்ப்பாணத் தமிழை ஒரு மாதிரி உடைத்துப் பேசுவார். ஐந்து நிமிடக் காட்சியைக் கொண்டுபோய், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று போட்டுக் காட்டினேன்.

“இது என்ன பாஷை எண்டு சொல்லுங்கோ இக்பால்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது. “அண்ணை, இது எங்கட பாஷைக்குச் சித்தப்பான்ர மகன். எனக்கு எல்லாம் விளங்குது. நல்ல பாஷை. இந்தப் பொம்பிளை பால் கறக்கிற ஆள் மாதிரிக் கதைக்குது.”

“அப்ப டோக்ரி தானே?”

“ஓம் அண்ணை.” கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். மலர்ந்த முகம் சுருங்கியது. “இல்லை அண்ணை.”

“ஓமோ இல்லையோ?”

“காதுக்கு ஓம், கண்ணுக்கு இல்லை. இந்தப் பிள்ளையின்ர வாய் உருது கதைக்குது. உருது, ஹிந்தி, எல்லாம் ஒண்டுதான். சத்தம் வேற ஆள்.”

“மெதுவாச் சொல்லுங்கோ.”

“ஏன் அண்ணை, பொலிஸ் படமோ?”

அன்றைக்குப் புறநகர் திரான்சியில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்காமல் இருந்தேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த மனிசன் கள்ளனோ இல்லையோ எனக்குத் தெரியாது. நீங்கள் கள்ளன் எண்டது வடிவாத் தெரியுது. டோக்ரி தெரியாதெண்டு ஒரு சொல் சொல்ல உங்களுக்கு என்ன கேடு?” என்றாள். இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தானே இவ்வளவு துப்பறிந்தேன்.

தாளைக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் மத்தியானம் ரகுபீர் அறைக்கு வந்தார். நான் நாயகியின் முகத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தேன். பொலிஸ் விசாரணை போல நாற்காலியை அவருக்கு எதிரே போட்டுக்கொண்டேன்.

“இந்தப் பெண் என்ன மொழியில் பேசுகிறார்?”

“உங்களுக்குத் தெரியாதா? டோக்ரி தெரிந்தவர் நீங்கள்தானே.”

“தெரியும். இருந்தாலும் உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்.”

“முதல் நாள் படிக்கட்டில் உங்களிடம் ஒன்று கேட்டேன். நினைவிருக்கிறதா?”

“இருக்கிறது. ஆழமான வரி.”

“கழிவறை எங்கே என்று கேட்டேன்.”

மதலேன் அக்காவுக்கு இந்த அளவு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. “பாவம்பா,” என்றார், மூச்சு வாங்கியபடி. “அன்னைக்கு கார் து நோர் ஸ்டேஷன் பக்கமா அவ்ளோ வேகமா நடந்தாரே, அதுக்குத்தானா?”

நான் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் வேஷம் கலைந்த பிறகு பேசுவது எவ்வளவு சுகம் என்பதை அன்றுதான் அறிந்தேன். ரகுபீரும் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

நடந்தது இதுதான். அவருடைய நடிகர்கள் எல்லோரும் ஜம்மு நகரத்துப் பிள்ளைகள். வீட்டில் பெரியவர்கள் டோக்ரி பேசுவார்கள், இவர்கள் ஹிந்தியில் பதில் சொல்வார்கள். என் வீட்டில் நான் தமிழில் கேட்பதற்கு மகள் பிரெஞ்சில் பதில் சொல்வதுபோல. படப்பிடிப்பின் முதல் மூன்று நாள் டோக்ரியிலேயே பேசவைத்திருக்கிறார். வசனம் சரியாக வந்தது, முகம் வரவில்லை. வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளைகளின் முகம். நான்காம் நாள், “உங்களுக்கு வருகிற மொழியில் சொல்லுங்கள்,” என்று விட்டுவிட்டார். முகங்கள் உயிர் பெற்றன.

“அப்படியானால் டோக்ரி பேசும் ஊர்க்காரர்களையே நடிக்க வைத்திருக்கலாமே?” என்றேன்.

“அதையும் பார்த்தேன். கேமராவைக் கண்டதும் அவர்கள் உறைந்துபோனார்கள். இவர்கள் மொழியைக் கண்டு உறைந்தார்கள். முகம் ஒரு பக்கம் இருந்தது, வாய் ஒரு பக்கம் இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்தேன்.”

மலையூர்ப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் சத்தம் எதிரொலிக்காமல் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டு, எட்டுப் பேரை உட்காரவைத்துக் குரல் பதிந்திருக்கிறார். ஒருவர் பஸ் கண்டக்டர். ஒருவர் தையற்காரர். நாயகியின் குரல், பால் விற்கும் ஒரு பெண்ணுடையது. எட்டு முகத்துக்கு எட்டுக் குரல். கடைசியில் அவர்களுடைய பெயர்களும் ஓடின. விழாவின் விதியை வாசித்த பிறகு அந்தப் பகுதியை வெட்டியிருக்கிறார். எழுத்தை மேலே போடச் சொன்னதும் தேநீர் கேட்டதும் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

தாள் மேசையில் கிடந்தது. ரகுபீர் அதை என் பக்கம் தள்ளினார்.

“நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு மொழி தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். படம் எப்படி எடுத்தேன் என்று நீங்கள் சொல்லவேண்டாம்.”

இவ்வளவு மரியாதையான மிரட்டலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். இதை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. மூடியையும் திறந்துவிட்டேன். போட்டிருப்பேன். அவருடைய படம் ஊரில் ஓடும், என் பெயரும் கெடாது. யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மதலேன் அக்கா, “ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு,” என்றார். “அந்த எட்டுப் பேருக்குத் தெரியுமா, பேரை வெட்டிட்டாருன்னு?”

கேட்டுச் சொன்னேன். ரகுபீர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“தெரியாது.”

“தியேட்டர்ல உக்காந்து பேரைத் தேடுவாங்களே,” என்றார் அக்கா. “அதையும் கேளு.”

அதை நான் கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

நான் தாளில் அச்சடித்திருந்த வாக்கியத்தை நேர்கோடு போட்டு வெட்டினேன். அதற்குக் கீழே பிரெஞ்சில் எழுதினேன்: எனக்கு டோக்ரி தெரியாது. நடிகர்கள் படப்பிடிப்பில் ஹிந்தி பேசினார்கள். இந்தப் படத்தில் கேட்கும் டோக்ரி, அதைத் தாய்மொழியாகக் கொண்ட பின்வரும் எட்டுப் பேருடையது. எழுதிவிட்டுத் தாளை ரகுபீர் பக்கம் தள்ளினேன்.

“பெயர்களை நீங்கள் எழுதினால்தான் இதைக் கொடுப்பேன். எழுதாவிட்டால் இதைக் கிழித்துவிட்டு, எனக்கு மொழி தெரியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளலாம்.”

“எழுதினால் போட்டி போய்விடும்.”

“போகும் என்றுதான் நினைக்கிறேன்.”

“தியேட்டரும் போய்விடும்.”

நான் பேனையை நீட்டினேன். அவர் பேனையை வாங்கினார். மூன்று பெயர் மளமளவென்று எழுதினார். நாலாவதில் கை நின்றுவிட்டது. பால்காரப் பெண்ணின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் மகளின் பெயரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்றே கூப்பிடுவார்களாம். வெட்டிய பட்டியலிலும் அப்படித்தான் இருந்ததாம். எங்கள் அறையிலிருந்தே ஜம்முவுக்கு அழைத்தார். பஸ் கண்டக்டர் எடுத்தார். அவருக்கும் தெரியவில்லை. அவர் யாரையோ ஓடவிட்டார். நாங்கள் மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்தப் பெண்ணே வந்து தன் பெயரைச் சொன்னார். வித்யா தேவி. எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ரகுபீர் சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் எழும்பிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு மதாம் எலெனிடம் போனேன். பதற்றத்தில் எதிர்த்திசை மெத்ரோவில் ஏறி, இரண்டு நிலையம் போய்த் திரும்பினோம். மதாம் எலென் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

“உங்களுக்கு டோக்ரி தெரியாது.”

“தெரியாது.”

“அப்படியென்றால் போன வருடம் நீங்கள் பார்த்துத் தந்த மற்ற இந்தியப் படம்?”

“அதில் இசை நன்றாக இருந்தது, மதாம்.”

அவர் சிரிக்கவில்லை. மொழியை உறுதிசெய்யும் வேலை அன்றோடு என் கையைவிட்டுப் போனது. நியாயம்தான். பிறகு ரகுபீரைப் பார்த்து, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். போட்டியில் இடமில்லை. சனிக்கிழமை பிற்பகல், சின்ன மண்டபத்தில், போட்டிக்கு வெளியே ஒரு காட்சி தரலாம். ஒரு நிபந்தனை: அந்த எட்டுப் பெயரும் கடைசியில் வேண்டாம், படத்தின் தொடக்கத்தில் வரவேண்டும்.

வெளியே வந்து படி இறங்கும்போது ரகுபீர் டோக்ரியில் ஏதோ சொன்னார். இந்த முறை, “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன். “இது மொழிபெயர்க்கக்கூடியதில்லை,” என்றார். குரலைக் கேட்டால் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். பாதிப் பேர் லாச்சப்பலில் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர்கள். எழுத்துகள் கீழே, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. இக்பால் மட்டும் எழுத்து வருவதற்கு முன்பே சிரித்தார், எழுத்து வருவதற்கு முன்பே கண்ணைத் துடைத்தார். ரகுபீர் படத்தைப் பார்க்கவில்லை. இக்பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஊருக்குப் போனார். தியேட்டர் முதலாளி, “போட்டியில் இல்லையா, அப்படியென்றால் யோசிக்கிறேன்,” என்றாராம். அதன்பிறகு இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. ஒரு நல்ல மனிதரின் படத்தை என் திடீர் யோக்கியத்தால் புதைத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். அலுமாரியில் ராஜ்மா இருந்த பக்கமே போகவில்லை. மதலேன் அக்காதான் ஒருநாள் அதை எடுத்துச் சமைத்துக் கொண்டுவந்து, “லஞ்சம் நல்லாத்தான்பா இருக்கு,” என்று சொல்லிப் பரிமாறினார்.

ரகுபீர் அழைத்தபோது பின்னால் ஒரே இரைச்சல். முதலாளி கடைசியில் மூன்று நாள், காலைக் காட்சி மட்டும், பரீட்சைபோலத் தந்திருக்கிறார். எட்டுப் பெயரும் பெரிய எழுத்தில் போட்ட சுவரொட்டியைக் கண்டக்டர் தன் பஸ்ஸின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். முதல் காலையே மண்டபம் நிறைந்துவிட்டது. பெயர்கள் வந்தபோது எழுந்த சத்தத்தில் அடுத்து வந்த காட்சி யாருக்கும் கேட்கவில்லையாம். வித்யா தேவியின் பெயரை அவருடைய தெருவே முதன்முதலாக வாசித்திருக்கிறது. யாரது, யாரது என்று ஒருவரையொருவர் கேட்டு, பிறகு எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். படத்தை நிறுத்தி, முதலிலிருந்து இன்னொரு தடவை தொடங்கவேண்டியிருந்ததாம். மூன்று நாள் ஒரு வாரமானது. அடுத்த வருடம் வேறொருவருடைய டோக்ரிப் படத்துக்கும் அதே முதலாளி கதவைத் திறந்தார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? வாய் பொருந்தவில்லை, இசை தாவுகிறது, எழுத்தை மேலே ஏற்றச் சொல்கிறார். நான் கண்டதெல்லாம் சரி. இந்த வேலைக்கு அந்தக் கண் வேண்டும், அதை வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்டதை வைத்து ஒரு கள்ளனைக் கட்டி எழுப்ப எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. ஏன் இப்படி என்று அந்த மனிதரிடம் கேட்க எட்டு நாள் எடுத்தது. கேட்டால் அவர் திருப்பி என்னைக் கேட்பாரே என்ற பயம்தான் காரணம். யாரையாவது நீங்கள் அளவுக்கு மீறிச் சந்தேகிக்கத் தொடங்கினால், அன்றைக்கு நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போடப் பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். தெரியாத மொழிக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். வேலை போகும். எனக்குப் போனது. வேறு வேலை வந்தது.

சில வருடம் கழித்து ரகுபீர் தன் இரண்டாவது படத்தை எனக்கு அனுப்பினார். அதே நாயகி. அந்தப் பெண் ஒரு குளிர்காலம் முழுவதும் வித்யா தேவியின் வீட்டில் போய் இருந்து, பால் கறக்கவும் பேசவும் பழகினாராம். இந்தப் படத்தில் குரலும் அவருடையதே, தடுமாறும் இடங்கள்கூட அப்படியே விடப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருந்தார். நம்பாமல் இல்லை. இருந்தாலும் கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அந்தப் பெண்ணின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் பொருந்தியது. ஓர் இடம்கூடப் பிசகவில்லை. படம் எப்படி இருந்தது என்று அவர் கேட்டு எழுதியபோதுதான், கதை என்னவென்று எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. அப்படியே பதில் எழுதினேன்.